வீட்டுத் தோட்டத்தில் ஆவாரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது வீடு கட்டி முன்பக்கம் கொஞ்சம் இடம் விட்டவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பில் தோட்டக் கமிட்டியில் மாட்டிக்கொண்டவர்கள், ஊரில் தரிசாகக் கிடக்கும் மனைக்கு ஏதாவது நடலாமா என்று யோசிப்பவர்கள் ஆவாரை பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். சில கேள்விக்கு ஒரு வரியில் பதில், சிலவற்றுக்கு நீளமாக. எது தேவையோ அதைப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆவாரை காட்டுச்செடி அல்லவா? அதைப் போய்த் தோட்டத்தில் நடுவதா?

எல்லாச் செடியும் எங்கேயோ ஒரு காட்டில் காட்டுச்செடிதான். மஞ்சள் பூ வேண்டும் என்று நர்சரியில் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் டெகோமா, அலமண்டா இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் புதர்கள். அங்கே அவற்றை ரோட்டோரம் பார்க்கிறவர்கள் நம்மைப் போலவே "இதையா காசு கொடுத்து வாங்குவார்கள்?" என்று கேட்கலாம்.

ஆவாரை இந்தியா, இலங்கை, மியான்மர் பகுதிகளுக்குச் சொந்தமான புதர். நம் வெயிலுக்கும் மழை பொய்க்கும் ஆண்டுகளுக்கும் பழகி வந்த செடி. ஆண்டில் பல மாதம் பூக்கும், ஆடுமாடு பெரும்பாலும் வாய் வைக்காது, வேர் பிடித்துவிட்டால் தண்ணீர் கேட்காது. இத்தனை குணமும் உள்ள ஒரு செடி வெளிநாட்டிலிருந்து புதுப்பெயரோடு வந்திருந்தால் ஒரு தொட்டி முந்நூறு ரூபாய்க்கு விற்றிருப்பார்கள். பொட்டல் காட்டில் கிடப்பதால்தான் இதற்கு மதிப்பில்லை.

ஆவாரையை எப்படி அடையாளம் காண்பது?

பூவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் பூப் பூக்கும் உறவுக்காரச் செடிகள் ஏராளம். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே காது மடல் போல அகலமான, வட்டமான, இலை போன்ற செதில் தண்டை ஒட்டி இருக்கும். இதன் அறிவியல் பெயரான சென்னா ஆரிகுலேட்டா என்பதில் வரும் 'ஆரிகுலேட்டா' குறிப்பது இந்தக் காதைத்தான். பழைய புத்தகங்களில் கேசியா ஆரிகுலேட்டா என்று இருக்கும், இரண்டும் ஒன்றே.

அடுத்து இலை. ஒரு காம்பில் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடிச் சிற்றிலைகள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே, காம்பின் மேற்புறத்தில், குச்சி போல ஒரு சின்னச் சுரப்பி நிமிர்ந்து நிற்கும். பொதுவாக நாம் கவனிக்க மாட்டோம். விரலை மெதுவாக ஓட்டினால் வரிசையாகத் தட்டுப்படும்.

பூவுக்கு ஐந்து இதழ், ஓரம் சுருங்கி நெளிந்திருக்கும், உள்ளே நரம்புகள் ஓடும். காய் தட்டையாக, காகிதம் போல மெல்லியதாக, ஏழு முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம். உள்ளே ஒவ்வொரு விதைக்கும் தனித்தனி அறை இருப்பது வெளியிலிருந்தே தெரியும்.

எந்தெந்தச் செடிகளோடு குழப்பிக்கொள்கிறார்கள்?

முதலில் பேயாவரை. ஊருக்கு ஊர் பொன்னாவாரை, தகரை என்று பெயர் மாறும், அதனால் பெயரை நம்ப முடியாது. இதன் இலை அகலமாகவும் நுனி கூர்மையாகவும் இருக்கும். ஒரு காம்பில் நாலைந்து ஜோடிதான். கசக்கினால் நாற்றம் அடிக்கும். இந்த விதையைத் தின்ற குழந்தைகள் உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள். நீண்ட காலம் அது ஏதோ மூளைக் காய்ச்சல் என்றே நினைத்தார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்தச் செடியைத் தோட்டத்தில் விட்டு வைக்க வேண்டாம்.

அடுத்தது நிலவாகை என்றும் நிலாவாரை என்றும் சொல்லும் பேதிக்கான மூலிகை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பயிராகவே செய்கிறார்கள். அது தாழ்வான செடி, பூ வெளிறிய மஞ்சள், இலை வேலாட்டம் நீளும். ஆவாரம் இலை என்று நினைத்து அதைக் காய்ச்சிக் குடித்தால் அன்றைக்கு வெளியே எங்கும் போக முடியாது.

நெடுஞ்சாலை நடுவில் நட்டிருக்கும் சிறு இலைப் புதர்களில் பலவும் கேசியா பைஃப்ளோரா. பூ ஆவாரையைப் போலவே இருந்தாலும் இலை ஜோடி குறைவு, செடி அமெரிக்க வகை. ஆவாரை கேட்டால் சில நர்சரிகளில் இதைத்தான் நீட்டுகிறார்கள்.

இன்னொன்று, மரமாக வளரும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். அழகுக்காகக் கொண்டுவந்து நட்ட இது இன்று முதுமலை, வயநாடு காடுகளில் பரவி, கீழே புல்லே முளைக்க விடாமல் செய்கிறது. தமிழ்நாடு வனத்துறை இதை வெட்டி காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒரே குடும்பம், ஒரே மஞ்சள் பூ என்பதற்காக எதையும் கொண்டுவந்து நடலாம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

எந்த மண்ணில் வரும்?

செம்மண், சரளை, கரிசல், ஓரளவு உப்புப் பிடித்த மண் எல்லாவற்றிலும் வரும். ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்திலும் தாக்குப்பிடிக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரம்வரை நன்றாக இருக்கும். ஊட்டி, கொடைக்கானலில் வீடு இருப்பவர்கள் இதை மறந்துவிடலாம்.

ஆகாதவை இரண்டுதான்: நிழலும் தேங்கும் தண்ணீரும். பாதி நாள் நிழல் விழும் இடத்தில் செடி வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீண்டு, நுனியில் மட்டும் நாலு பூவோடு நிற்கும். மழை நாளில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிற்கும் பள்ளமென்றால் மண்ணைக் கொட்டி அரை அடி, ஒரு அடி மேடாக்கிவிட்டு நடுங்கள்.

எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?

நட்ட முதல் கோடை வரைக்கும்தான் கவனிப்பு. மழை இல்லாவிட்டால் முதல் மாதம் வாரம் இரண்டு முறை, அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை, கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை நிறைய ஊற்றி நனைத்தால் போதும். தினமும் ஒரு குவளை ஊற்றுவதைவிட என்றாவது ஒருநாள் ஒரு குடம் ஊற்றுவது மேல். அப்போதுதான் ஆணிவேர் கீழே தேடிப் போகும். இரண்டாம் ஆண்டிலிருந்து மழைத் தண்ணீரே போதும்.

தோட்டத்தில் ஆவாரை செத்துப்போனதாகச் சொல்கிறவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் அது புல்தரைக்கு நடுவே இருந்திருக்கும். புல்லுக்குத் தினமும் ஸ்பிரிங்க்ளர் ஓடும், அந்த ஈரத்தில் ஆவாரை வேர் அழுகும். புல்தரையும் ஆவாரையும் ஒரே பாத்தியில் வேண்டாம். இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் நான் புல்லை எடுத்துவிடச் சொல்வேன். சென்னை, கோவை வெயிலில் புல்தரைக்குக் கொட்டும் தண்ணீரை நினைத்தால் வயிறு எரிகிறது.

விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

செடியிலேயே பழுப்பாகிக் காய்ந்த காயைப் பறியுங்கள். ஒரு காயில் பன்னிரண்டு முதல் இருபது விதை வரை இருக்கும். ஓட்டை விழுந்த விதைகளை ஒதுக்கிவிடுங்கள், வண்டு முந்திக்கொண்டது என்று பொருள்.

விதைத்தோல் கெட்டி. அப்படியே போட்டால் சிலது முளைக்கும், சிலது அடுத்த மழைக்குக் காத்திருக்கும். நன்றாகக் கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, ஓரிரு நிமிடம் ஆறவிட்டு, விதை மேல் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பவை விதைக்கத் தயார். உப்பாதவற்றை உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவைக்கலாம். பெரிய நாற்றங்கால்களில் அமிலத்தில் முக்கி எடுப்பார்கள். வீட்டில் அந்த விஷப்பரீட்சை தேவையில்லை.

இதற்கு ஆணிவேர் சீக்கிரம் இறங்கும். எனவே நிலைக்க வேண்டிய இடத்திலேயே விதைப்பதுதான் சிறந்த வழி. குழிக்கு மூன்று விதை, அரை அங்குல ஆழம். வடகிழக்குப் பருவமழை பெறும் ஊர்களில் புரட்டாசியில் விதைத்தால் மழையே வளர்த்துவிடும். முளைத்த மூன்றில் ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆட்டம் காணும். பாலித்தீன் பையில் நாற்று விட்டால் உயரமான பையாக எடுங்கள், ஒரு அடி வளருமுன் நிலத்தில் வைத்துவிடுங்கள். பையின் அடியில் வேர் சுருண்ட நாற்று நட்ட பிறகும் தேறாது.

ரோட்டோரத்தில் நிற்கும் பெரிய செடியை வேரோடு எடுத்து வந்து வைக்கலாமா?

வேண்டாம். ஆணிவேர் அறுந்துவிடும், பத்தில் ஒன்பது பட்டுப்போகும். விதை எடுத்துக்கொள்ளுங்கள், செடியை விட்டுவிடுங்கள்.

குச்சி நட்டால் வருமா?

எளிதில் வராது. விதை இத்தனை கிடைக்கும்போது குச்சியோடு போராட வேண்டியதில்லை.

எப்போது பூக்கும்?

விதைத்து முதல் ஆண்டின் கடைசியிலோ இரண்டாம் ஆண்டிலோ பூக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு கிளையில் பூ இருக்கும். மழை முடிந்த கையோடு, மார்கழி தை மாதங்களில் செடியே தெரியாமல் பூத்து நிற்கும். கிளை நுனியிலும் நுனியை ஒட்டிய இலைக் கணுக்களிலும் கொத்தாக வரும் என்பதால், புதுக்கிளை எவ்வளவு அதிகமோ அவ்வளவு பூ. இதை நினைவில் வைத்துக்கொண்டால் கவாத்து எதற்கு என்று புரிந்துவிடும்.

தோட்டத்தில் எந்த இடத்துக்குப் பொருந்தும்?

வேறு எந்தச் செடியும் நிற்க மறுக்கும் இடத்தில் வையுங்கள். மேற்குப் பார்த்த காம்பவுண்டு சுவர் ஓரம், மதியம் இரண்டு மணிக்கு மேல் சுவரும் தரையும் சேர்ந்து அனல் வீசுமே, அந்த இடம். போர்வெல் பக்கம் கொட்டிய கல்தூள் மேடு. கேட்டுக்கு வெளியே, சாலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இரண்டடி மண். அங்கே வைக்கும் குரோட்டன்ஸ் ஒரு கோடையோடு முடிந்துவிடும்; பக்கத்துத் தெரு மாடு வந்தால் அதற்கும் முன்னாலேயே.

ஒற்றைச் செடியாக வைத்தால் ஆறடி உயரம், ஏறக்குறைய அதே அகலம் வரும் என்று கணக்கிட்டு இடம் விடுங்கள். ஆனால் ஒற்றையாக நிற்பதைவிடக் கூட்டமாக நின்றால்தான் இதற்கு அழகு. மூன்று அல்லது ஐந்து செடி, நாலடி இடைவெளியில், நேர்கோடாக இல்லாமல் முன்பின்னாக நடுங்கள். பின்னணியில் வெள்ளை அல்லது செங்காவி நிறச் சுவர் இருந்தால் மஞ்சள் எடுப்பாகத் தெரியும். மஞ்சள் பெயின்ட் அடித்த சுவருக்கு முன்னால் வைத்தால் பூத்திருப்பதே தெரியாது.

மாலை வெயில் பூவுக்குப் பின்னாலிருந்து விழும்படி அமைந்தால் இதழ் விளக்கு ஏற்றியது போல ஒளிரும். திண்ணையிலோ ஹாலிலோ உட்கார்ந்து மேற்கே பார்க்கும் திசையில் ஒரு கூட்டம் வைத்துப் பாருங்கள்.

சரிவான நிலம், குளக்கரை, வீட்டு மனையில் மண் கொட்டி மேடாக்கிய ஓரம் போன்ற இடங்களில் மழைநீர் மண்ணை அரித்துப் போகாமல் பிடித்து வைக்கும். சாலை நடுத்திட்டில் எதிர்வரும் வண்டியின் ஹெட்லைட் கூச்சத்தை மறைக்கவும் இதன் உயரம் சரியாக இருக்கும். ஆனால் தெருமுனையில், வண்டி திரும்பும் இடத்தில் வைப்பதானால் மூன்றடிக்கு மேல் வளர விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: வாசற்படி ஓரமும் கார் நிறுத்தும் இடமும் வேண்டாம். உதிர்ந்த பூவும் காய்ந்த காயும் தினமும் கிடக்கும். தினமும் கூட்டுகிறவர் இருந்தால் பிரச்சினை இல்லை. அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள்.

உயிர்வேலியாக வளர்க்கலாமா?

வளர்க்கலாம், ஆனால் ஆள் நுழையாமல் தடுக்கும் வேலி இது இல்லை. முள் கிடையாது. மறைப்புக்கும் அழகுக்கும் உள்ள வேலி. இரண்டடி இடைவெளியில் இரட்டை வரிசையாக, ஒரு வரிசைச் செடி மறு வரிசையின் இடைவெளிக்கு நேராக வரும்படி விதைத்தால் இரண்டு ஆண்டில் அடைத்துக்கொள்ளும். பெட்டி போலச் சதுரமாக வெட்டி வைக்க ஆசைப்பட்டால் வேறு செடி பாருங்கள். வாரம் தவறாமல் கத்தரி பட்டால் பூ நுனிகளெல்லாம் போய்விடும், பச்சையும் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும்.

எப்போது, எப்படிக் கவாத்து செய்வது?

இளஞ்செடி ஒன்றரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், அடியிலிருந்தே கிளைக்கும். வளர்ந்த செடியை ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதப் பெரும்பூ முடிந்து காய் முற்றிய பிறகு, மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம். நாலைந்து ஆண்டாகி அடி மொட்டையாகி, மேலே மட்டும் குடை பிடித்தாற்போல் நின்றால் பயப்படாமல் தரையிலிருந்து ஒரு அடி விட்டு முழுதாக வெட்டிவிடுங்கள். முதல் மழைக்குக் கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். வெட்டுவதை ஆடி ஆவணிக்குள் முடித்துக்கொண்டால் பொங்கலுக்குப் பூ இருக்கும்.

வெட்டிய குச்சியைத் தூக்கி எறியாதீர்கள். கிராமத்தில் ஆவாரங்குச்சியிலும் பல் துலக்கியிருக்கிறார்கள்.

கூடவே என்னென்ன நடலாம்?

தண்ணீர்த் தேவை ஒன்றாக இருக்கும் செடிகளைச் சேருங்கள். நொச்சியின் நீலம் கலந்த ஊதாப் பூவுக்கும் ஆவாரையின் மஞ்சளுக்கும் இருக்கும் பொருத்தம் வேறு எதற்கும் இல்லை. நொச்சி உயரமாக வளரும், பின்னால் வையுங்கள். எப்போதும் பச்சையாக ஒரு பின்னணி வேண்டுமென்றால் விராலி. முன்வரிசைக்குத் தும்பை, வெள்ளைப் பூப் பூக்கும் கொடிவேலி, சிறுபீளை. இடையிடையே ஒரு வெட்டிவேர்த் தூர் வைத்தால் இலை வடிவில் ஒரு மாறுதல் கிடைக்கும். தரையை மண்ணாகவோ சரளையாகவோ விட்டுவிடுங்கள். ஒவ்வொரு அங்குலத்தையும் எதையாவது போட்டு மூட வேண்டியதில்லை.

மாடியில், தொட்டியில் வளருமா?

வளரும், ஆனால் நிலத்தில் வளர்வது போல் இருக்காது. ஒன்றரை அடி ஆழத்துக்குக் குறையாத தொட்டி, மூன்றில் ஒரு பங்கு மணல், அடியில் நல்ல வடிகால் துளை இவை வேண்டும். மொட்டை மாடி வெயிலுக்கு மிரளாத செடி என்பதுதான் இதில் ஆதாயம். தொட்டியில் வைத்தால் தண்ணீர் மட்டும் தவறாமல் விட வேண்டும், நிலத்துச் செடிக்குச் சொன்ன கணக்கு இதற்குப் பொருந்தாது.

பூச்சி, வண்டு, பட்டாம்பூச்சி வருமா?

வரும், வர வேண்டும். காலை எட்டு மணிவாக்கில் பூத்த செடிக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள். பெரிய கருவண்டு ஒன்று 'ம்ம்ம்' என்று பறந்து வந்து பூவில் தொங்கும். தொங்கியதும் அந்த ஒலி சட்டென்று கீச்சென்று மாறும். சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும் ஒலி அது. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி. அந்த மகரந்தமும் நீளமான மகரந்தப் பையின் நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். பூவைப் பிடித்து அதிரவைக்கத் தெரிந்த வண்டுக்குத்தான் அது கொட்டும். பத்து மகரந்தத் தாள்களில் மேலே உள்ள மூன்று வெறும் மலட்டுத் தாள்கள். கீழே உள்ள நீண்டவற்றிலிருந்து தெறிக்கும் தூள் வண்டின் உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும்.

வெளிர்ப் பச்சை கலந்த வெள்ளை நிறத்தில் வேகமாகப் பறக்கும் பட்டாம்பூச்சிகளும், தாழப் பறக்கும் சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சிகளும் இந்தக் குடும்பச் செடிகளின் இலையில்தான் முட்டையிடும். பச்சைப் புழு சில கிளைகளை மொட்டையடிக்கும். மருந்து அடிக்க வேண்டாம், இரண்டு மூன்று வாரத்தில் துளிர்த்துவிடும். பட்டாம்பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்றால் நடக்கிற காரியமா?

வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு, மீதிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் போதும்.

உரம்?

தேவையில்லை. நடும்போது இரண்டு கை மக்கிய சாணம். அதற்கு மேல் போட்டால் இலைதான் கொழிக்கும்.

அவரை, பயறு குடும்பம் என்கிறார்களே, மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்குமா?

குடும்பம் அதேதான். ஆனால் சணப்பு, தக்கைப்பூண்டு மாதிரி வேரில் முடிச்சு கட்டிக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலையை ஆவாரையின் உறவுச் செடிகள் பெரும்பாலும் செய்வதில்லை. அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். இதன் இலையையும் இளந்தண்டையும் வெட்டி வயலில் போட்டு மிதித்து நெல்லுக்குப் பசுந்தாளாக்குவது பழைய வழக்கம். கவாத்து செய்த தழையை மற்றச் செடிகளுக்கு மூடாக்காகப் போடுங்கள்.

தோல் பதனிட ஆவாரம்பட்டை பயன்பட்டதாமே?

தென்னிந்தியத் தோல் தொழிலே ஒரு காலத்தில் இதை நம்பித்தான் இருந்தது. பட்டையில் துவர்ப்பொருள் மிகுதி. பட்டையின் எடையில் ஏறக்குறைய 15 முதல் 20 விழுக்காடு. இந்தத் துவர்ப்பில் ஊறிய தோல் வெளிர் நிறமாகவும் மிருதுவாகவும் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போன மாட்டுத்தோல்களும் ஆட்டுத்தோல்களும் பெரும்பாலும் இப்படிப் பதனிட்டவை. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல், ஈரோடு என்று தோல் ஷாப்புகள் இருந்த ஊர்களுக்கு வண்டி வண்டியாகப் பட்டை வந்து இறங்கும். தேவை கூடியபோது காட்டில் வெட்டியது போதாமல் விதைத்தே வளர்த்தார்கள்.

பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை இறக்குமதியானது. துவர்ப்பு அதில் அதிகம். அதை இங்கேயே வளர்க்கலாம் என்று நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் வாட்டில் மரத்தை நட்டார்கள். அதற்கும் பிறகு குரோமிய உப்பு வந்து வேலையைச் சில மணி நேரத்தில் முடித்தது, கூடவே பாலாற்றுப் படுகையின் கிணற்றுத் தண்ணீரையும் முடித்தது. மலையில் நட்ட வாட்டில் இன்று சோலைப் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஆவாரை மட்டும் யாருக்கும் தொந்தரவில்லாமல் பழைய இடத்திலேயே பூத்துக்கொண்டிருக்கிறது.

பொங்கல் காப்புக்கு வீட்டுச் செடியையே பயன்படுத்தலாமா?

தாராளமாக. போகியன்று மாலை ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலிலும் கொட்டகையிலும் வயலிலும் செருகுவது கொங்கு நாட்டில் விடாமல் நடக்கிறது. சந்தையில் ஒரு கட்டு வாங்கும் நிலை வந்துவிட்டதால், வீட்டில் ஒரு செடி இருந்தால் தெருவே உங்களிடம் வந்து நிற்கும். பறிக்கக் கொடுங்கள், பறித்த இடத்தில் புதுக்கிளை வரும், அதுவும் ஒரு கவாத்துதான்.

தெலங்கானாவில் இதற்குத் தங்கேடு என்று பெயர், மாநில மலரும் இதுதான். நவராத்திரியை ஒட்டி வரும் பதுகம்மா விழாவில் பெண்கள் அடுக்கும் பூக்கோபுரத்தில் தங்கேடு கட்டாயம் உண்டு. நம் சங்கப் பாட்டில் வேறு கதை: காதலி கிடைக்காத தலைவன் பனைமடலில் குதிரை செய்து, அதற்கு ஆவிரம்பூ மாலை சூட்டி, ஊர் நடுவே ஏறி வருவான்.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்பது உண்மையா? சர்க்கரைக்குக் குடிக்கலாமா?

அந்தப் பழமொழியைச் சொன்னவரும் இன்று இல்லை. மருந்தைப் பொறுத்தவரை, பூ, இலை, காய், பட்டை, வேர் ஐந்தும் சேர்ந்த பொடியும் ஆவாரைக் குடிநீரும் சித்த மருத்துவத்தில் நீண்ட காலமாக இருப்பவை. இலங்கையில் ரணவரா என்ற பெயரில் இதன் பூவைத் தேநீர் போலக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் சர்க்கரை குறைந்ததாகக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பதற்கு அது ஆதாரம் ஆகாது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் தினமும் குடிப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்துவிடக் கூடாது. கர்ப்பிணிகளும் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

பூவைப் பாசிப்பருப்போடு கூட்டு வைப்பது, காயவைத்துப் பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சளோடு அரைத்துக் குளியல் பொடியாக்குவது இவையெல்லாம் வழக்கத்தில் உள்ளவைதான். நெடுஞ்சாலை ஓரத்துப் பூவை மட்டும் வாய்க்குப் பயன்படுத்தாதீர்கள். புகையும் தூசியும் படிந்தது கழுவினாலும் முழுதாகப் போகாது. அதற்காகவேனும் வீட்டில் இரண்டு செடி இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருக்கிறோம், விதை எடுத்துவரலாமா?

சொல்லாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் விதை விஷயத்தில் மிகக் கண்டிப்பானவை, அபராதமும் உண்டு. இன்னொன்று, சென்னா ஸ்பெக்டாபிலிஸ் முதுமலையில் செய்ததை ஆவாரை வேறொரு நாட்டில் செய்யாது என்று யார் உறுதி கொடுப்பது? அந்தந்த மண்ணின் புதரை அங்கே நடுங்கள். இலங்கையின் வறண்ட பகுதிகளில் இருப்பவர்களுக்கு இந்தத் தயக்கமே வேண்டாம், அங்கே இது இயல்பாகவே வளர்கிறது.

நர்சரியில் ஏன் கிடைப்பதில்லை? எங்கே வாங்குவது?

பையில் நீண்ட நாள் வைத்து விற்க முடியாத செடி இது. வேர் சுருண்டு கெட்டுவிடும். சின்னச் செடி பார்வைக்கும் சுமார்தான், பூவோடு நிற்கும் டெகோமாவுக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். நாட்டுமரக்கன்றுகள் வளர்ப்பவர்களிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்தால் கிடைக்கும். நாட்டுமருந்துக் கடையில் விதை விற்பார்கள். பழைய சரக்காகவோ வேறு செடியின் விதையாகவோ இருக்கலாம், வாங்கியதில் பத்தை ஊறவைத்துப் பார்த்துவிட்டு மீதியை விதையுங்கள். மாசி பங்குனியில் ஊருக்குப் போகும் வழியில் காய்ந்த காய் நாலு பறித்துக்கொள்வது இரண்டையும்விடச் சுலபம். காப்புக்காடு, சரணாலய எல்லைக்குள் மட்டும் பறிக்காதீர்கள், அங்கே விதை எடுப்பதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். எடுத்த காயைத் துணிப்பையில் போட்டு, சாம்பலோ காய்ந்த வேப்பிலையோ கலந்து வைத்தால் புரட்டாசி வரை வண்டு தொடாது.